பிரித்துக் கட்டிய கவரில் ஈஸ்ட் வாங்குவோர் கவனத்திற்கு

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் வீட்டிலிருந்தபடியே பன், கேக், குக்கீஸ் செய்து விற்பவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தி, அவற்றுக்கு வேண்டிய பொருள்களைச் சிறு கவர்களில் பிரித்துக் கட்டி விற்கும் ஒரு கடையில், சென்ற கிறிஸ்துமஸ் பருவத்துக்காக மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட், பட்டைப் பொடி, உப்பில்லாத பட்டர் ஆகிய மூன்றையும் வாங்கினேன். மூன்றில் ஒன்றுகூடச் சொல்லி விற்ற பொருளாக இருக்கவில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. இதே முறையில் விற்பவர்கள் மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கமும் இருக்கிறார்கள் என்பதால், பெயரைவிட விற்கும் முறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்கு அதிகம் உதவும்.

கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கியதும் எங்கள் பக்கத்தில் ஆர்டர்கள் வரத் தொடங்கிவிடும். பிளம் கேக்குக்குத்தான் முதலிடம் என்றாலும், அண்மைக் காலமாக சினமன் ரோல் (பட்டைப் பொடிப் பூரணம் தடவிச் சுருட்டிய பன்) கேட்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். ஒரு குடும்ப ஒன்றுகூடலுக்கு சினமன் ரோலும் வெண்ணெய்க் குக்கீஸும் வேண்டும் என்று முன்பணம் கொடுத்திருந்தார்கள். நான் வழக்கமாகப் பயன்படுத்தும் ஈஸ்ட் கடைகளில் தீர்ந்திருந்த வேளையில், இந்தக் குழுவில் “இனிப்பு மாவுக்கென்றே தனியாக வரும் ஈஸ்ட்” என்று சற்றுக் கூடுதல் விலையில் ஒரு விளம்பரம் வந்தது. அப்படியொரு வகை உண்மையில் உண்டு. சர்க்கரை அதிகமான மாவில், சர்க்கரையே ஈரத்தை இழுத்துக்கொள்வதால் சாதாரண ஈஸ்ட் தளர்ந்துவிடும். மாவின் எடையில் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை சேரும்போது அதைத் தாங்கக்கூடிய வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சினமன் ரோலுக்கு 500 கிராம் மைதாவுக்கு 75 கிராம் சர்க்கரை போடுகிறேன், அதாவது 15 சதவீதம். எனவே விளம்பரத்தில் சொல்லப்பட்ட காரணத்தில் பிழை ஏதும் இல்லை. கவரில் இருந்த பொருள்தான் வேறு.

500 கிராம் மைதாவுக்கு 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்பது என் அளவு. நம் ஊர் வெக்கையில் இந்த மாவு ஒன்றரை மணி நேரத்துக்குள் இருமடங்காக வேண்டும். அன்றைக்கு மூன்று மணி நேரம் கடந்த பிறகும், விரலால் அழுத்தினால் பிசைந்தபோது இருந்த அதே கெட்டித்தனத்தோடு கிடந்தது. அதே கவரிலிருந்து என் மாமியார் ஒரு சிட்டிகை எடுத்து ஆப்ப மாவில் போட்டிருந்தார். இரண்டு மூன்று மணி நேரத்தில் நுரைத்துவிடும் அந்த மாவும் அன்றைக்கு அசையவே இல்லை. வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மாவு படுத்துக்கொண்டதால், சந்தேகம் என் கைப்பக்குவத்தை விட்டுக் கவரின் பக்கம் திரும்பியது.

சோதனை எளிது. வெதுவெதுப்பான நீர் 100 மில்லியில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்து, இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட்டைத் தூவிக் கலக்கி வைத்தால், உயிருள்ள ஈஸ்ட் பத்து நிமிடத்தில் தடித்த நுரையாக மேலெழும். ஒரு டம்ளரில் இந்தக் கடை ஈஸ்ட்டும், இன்னொரு டம்ளரில் சூப்பர் மார்க்கெட்டில் தேடி வாங்கிய, நிறுவனமே முத்திரையிட்ட சிறு பொட்டலத்து ஈஸ்ட்டுமாக, ஒரே பாத்திரத்து நீரை ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டாவது டம்ளர் நிரம்பி வழிந்தது. முதலாவதில் பழுப்பு நீரும் அடியில் வண்டலுமே இருந்தன. இரண்டையும் காணொளியாக எடுத்து வைத்தேன். பிறகு அந்தக் காணொளிதான் எனக்குக் கை கொடுத்தது.

ஈஸ்ட் ஏன் இப்படிச் செத்துப்போகிறது என்பதை அந்தக் கடைக்கு நேரில் சென்றபோது பார்த்தேன். 500 கிராம் ஈஸ்ட் காற்று உறிஞ்சப்பட்டு, செங்கல்லைப் போன்ற இறுக்கத்தோடு நிறுவனத்திலிருந்து வருகிறது. முத்திரை பிரியாத வரை அது குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியேகூட நெடுநாள் தாங்கும். ஒருமுறை பிரித்துவிட்டால் ஈரமும் வெப்பமும் காற்றும் சேர்ந்து அதன் வீரியத்தைக் குறைத்துக்கொண்டே போகும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிரில் வைக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. உப்புக்கூட ஜாடியில் கசியும் ஊர் இது. அந்தக் கடையிலோ பிரித்த பொட்டலத்தின் வாயை ரப்பர் பேண்டால் கட்டி, வெயில் படும் தட்டில் வைத்திருந்தார்கள். அதிலிருந்து கரண்டியால் அள்ளி, ஒரு சிறுவன் மெல்லிய பிளாஸ்டிக் கவர்களில் நிரப்பிக்கொண்டிருந்தான். எந்தக் கவரிலும் தயாரிப்புத் தேதி இல்லை, காலாவதித் தேதி இல்லை, தொகுதி (பேட்ச்) எண் இல்லை. இனிப்பு மாவுக்கான ஈஸ்ட் என்று கூடுதல் விலைக்கு விற்றதும், சாதாரண ஈஸ்ட் என்று விற்றதும் அதே பொட்டலத்திலிருந்துதான் நிரப்பப்பட்டன என்பதையும் அங்கே நின்றபடி பார்த்தேன்.

பட்டைப் பொடியின் கதை இதைவிட நுட்பமானது. “அசல் சிலோன்” என்று எழுதி ஒட்டி, அதற்குரிய விலையும் வாங்கியிருந்தார்கள். இலங்கையின் மெல்லிய பட்டையும் சீனம் முதலிய நாடுகளிலிருந்து வரும் கேசியா என்னும் தடித்த பட்டையும் வெவ்வேறு மரங்களுடையவை. நம் நாட்டு உணவுத் தர விதிகளும் இவ்விரண்டுக்கும் தனித்தனித் தரங்களை வகுத்திருக்கின்றன. முதலாவது, தாளைச் சுருட்டியதைப்போலப் பல மெல்லிய அடுக்குகளாக இருக்கும், கையால் நொறுக்கிவிடலாம், பொடி வெளிர் பழுப்பு, மணம் மென்மையானது. கேசியா ஒரே தடித்த சுருளாக, மிக்ஸியின் பிளேடையே சோதிக்கும் அளவுக்குக் கடினமாக இருக்கும். பொடி செம்பழுப்பு, காரம் தூக்கல். எனக்கு வந்த பொடி செம்பழுப்பாக இருந்தது, நாக்கில் வைத்ததும் சுரீரென்றது. கேசியாவில் ரோல் செய்தால் சுவை குறையும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு அந்தக் காரமே பிடிக்கும். ஆனால் கேசியாவில் கூமரின் என்னும் பொருள் கணிசமாக இருக்கிறது. அது அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு அடிக்கடி செய்து தருபவர்கள் எந்தப் பட்டை என்று தெரிந்து வாங்க விரும்புவது நியாயம்தானே? பொடியாக அரைத்த பிறகு கண்ணால் உறுதிப்படுத்துவது கடினம். ஆகவே இனி பட்டையை முழுதாக வாங்கி வீட்டிலேயே பொடிப்பதென்று முடிவு செய்துவிட்டேன்.

பட்டர் விஷயத்தில் விலையே முதல் எச்சரிக்கையாக இருந்தது. பெயர் அச்சிடாத வெள்ளைத் தாளில் சுற்றிய அரை கிலோ கட்டி, வழக்கமான விலையைவிட நூறு ரூபாய்க்கு மேல் குறைவு. “மொத்தமா எடுக்கோம்லா அக்கா, அதான் இந்த ரேட்டு” என்று விளக்கம் சொன்னார்கள். குக்கீஸ் சுட்டபோது ஓரங்கள் பரவாமல் உருண்டையாகவே நின்றன, தின்றபின் மேலண்ணத்தில் மெழுகு பூசியதைப்போல ஒரு படலம் தங்கியது. வெண்ணெய் உடல் வெப்பத்தில் உருகிவிடும் என்பதால் அப்படித் தங்காது. மீதிக் கட்டியில் ஒரு துண்டை வாணலியில் போட்டு, நெய் உருக்குவதைப்போல உருக்கிப் பார்த்தேன். படபடவென்ற ஓசை இல்லை, நுரை இல்லை, அடியில் பொன்னிறக் கசடு இல்லை, வாசலில் நிற்பவரும் அறியக்கூடிய அந்த நெய் மணமும் இல்லை. முருங்கை இலையைப் போட வேண்டிய அவசியமே வரவில்லை. வெண்ணெயின் பெரும்பகுதி பால் கொழுப்பாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மிச்சத்தில் நீரும் பால் திடப்பொருளும் இருப்பதால்தான் அந்த ஓசையும் கசடும் வருகின்றன. என் வாணலியில் தெளிந்த எண்ணெய் மட்டுமே நின்றதால், அது பேக்கரிகளுக்கென்று தாவர எண்ணெயைக் கெட்டியாக்கித் தயாரிக்கும் கொழுப்பு என்ற முடிவுக்கு வந்தேன். அந்தக் கொழுப்பை அதன் பெயரைச் சொல்லி விற்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. கொழுப்புகளில் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. லேபிளே இல்லாத கட்டியில் அதை யார் சரிபார்ப்பது?

இனி, கடைக்காரர் சொன்ன பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் புகார் செய்தாலும் இவையேதான் வரும். முதலில், “தண்ணி சூடா ஊத்தியிருப்பீங்க” என்றார். ஈஸ்ட் சாவது ஏறத்தாழ 55 டிகிரிக்கு மேல். நான் சேர்த்த பால் அறை வெப்பத்தில் இருந்தது. அடுத்து, உப்பு நேராக ஈஸ்ட்டின் மேல் விழுந்திருக்கும் என்றார். டம்ளர் சோதனையில் உப்பே கிடையாது. பட்டைப் பொடி ஈஸ்ட்டை அடக்கிவிட்டது என்பது மூன்றாவது பதில். மாவோடு சேர்த்துப் பிசைந்தால் பட்டை ஈஸ்ட்டைத் தளர்த்தும் என்பது உண்மைதான், அதற்காகவே அதைப் பூரணத்தில் மட்டும் தடவிச் சுருட்டுகிறோம். என் மாவு உப்பவே இல்லை என்பதால் நான் பூரணம் தடவும் கட்டத்துக்கே போகவில்லை. இதையெல்லாம் எழுதிக் காணொளியையும் குழுவில் போட்டதும், பதிலுக்குப் பதிலாக என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகு தனியாக இரண்டு பெண்கள் தங்களுக்கும் இதே போல நடந்ததாக எனக்குச் செய்தி அனுப்பினார்கள். குழுவில் அவர்களின் பதிவுகள் முன்னமே அழிக்கப்பட்டிருந்தன. குழுவில் பாராட்டுகள் மட்டுமே கண்ணில் படுவதற்கு இதுதான் காரணம்.

ஆர்டர் கொடுத்தவர்களுக்கு முன்பணத்தைத் திருப்பினேன். கடையில் பணம் கேட்டபோது, “நீங்க பிசினஸ் பண்றீங்க, நுகர்வோர் இல்ல, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது” என்றார்கள். இது பலரை வாயடைக்கச் செய்யும் வாதம் என்பதால் சற்று விளக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்று இருப்பது மெய். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் தாமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. வீட்டு அடுப்படியில் தன் கையால் மாவு பிசைபவர் அந்த விளக்கத்துக்குள் வருவதாகவே நான் வாதிடுகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். அதற்கு முன்னதாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். லேபிள் இல்லாத உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் புகார்களுக்கான ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் தனியாக இன்னொரு புகாரும் கொடுத்தேன். பிரித்துக் கட்டி விற்பவரும் உணவுத் தொழில் செய்பவர்தான். 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண், பொருளின் பெயர், உட்பொருள்கள், நிகர எடை, தேதிகள், முகவரி ஆகியவை கவரில் இருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து, பிரித்துக் கட்டுபவர் என்பதற்காக மட்டும் அவருக்கு விலக்கு கிடையாது.

என்னிடம் பில் இல்லை, கேட்டும் தரவில்லை. ஜிபேயில் பணம் போன பதிவு, குழுவில் வந்த விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, பிரிக்காமல் எஞ்சியிருந்த ஒரு கவர், காணொளி ஆகிய நான்கையும் சான்றாக வைத்தேன். குழுவிலிருந்து நீக்கப்படுவதற்கு முன்னரே விளம்பரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நீங்களும் வாங்கும் அன்றைக்கே எடுத்து வையுங்கள். எஞ்சிய பொருளைக் கோபத்தில் குப்பையில் கொட்டிவிடாதீர்கள்.

புகார் போன பிறகு ஈஸ்ட்டுக்கும் பட்டருக்கும் உரிய தொகையை, மன்னிப்போ விளக்கமோ இல்லாமல், ஜிபேயில் அனுப்பிவிட்டார்கள். பட்டைப் பொடிக்கான தொகையும் வீணான மாவு, பால், முட்டைகளுக்கான இழப்பும் இன்னும் வரவில்லை. அந்தக் கோரிக்கை தொடர்கிறது. அண்மையில் அதே கடையில் வாங்கிய கவர் ஒன்றை ஒரு தோழி காட்டினார். இப்போது பதிவு எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அதில் கடையில் பிரித்துக் கட்டிய தேதி இருக்கிறது. நிறுவனத்தின் பொட்டலத்தில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதிக்கான இடம் காலியாகவே இருக்கிறது. ஸ்டிக்கரைப் பார்த்து நம்பி வாங்க நினைப்பவர்கள் அந்த இடத்தை முதலில் பாருங்கள். கேட்டால், பிரித்த பொட்டலத்தையே எடுத்துக் காட்டும்படி சொல்லுங்கள்.