மலிவு பங்க்கா, பேர் பெற்ற பங்க்கா, பிரீமியமா? தரைக்கு அடியிலிருக்கும் தொட்டியைப் பாருங்கள்

கோயமுத்தூரிலோ ஈரோட்டிலோ கார் வைத்திருப்பவருக்குப் பெட்ரோல் போட மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பைபாஸ் ஓரத்துத் தனியார் பங்க். ஆஃபர் ஓடும் மாதங்களில் அங்கே லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைவாகக் கிடைக்கும். இரண்டாவது, ஊருக்குள் இருக்கும் இந்தியன் ஆயில், பாரத், எச்.பி. பங்க்கில் சாதா பெட்ரோல். மூன்றாவது, அதே பங்க்கில் பக்கத்து நாசிலில் ஏழெட்டு ரூபாய் கூடுதலுக்குக் கிடைக்கும் பிரீமியம். "மலிவா இருக்குதுன்னு போட்டா இன்ஜின் போயிருமுங்க" என்பார் ஒருவர். "பிரீமியம் போட்டா மைலேஜ் ஏறுமுங்க" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சையும் ஒதுக்கிவிடலாம். என் தேர்வு, ஓட்டம் அதிகமுள்ள, அதாவது தினமும் நிறைய விற்கும் பங்க்கில் சாதா பெட்ரோல். பலகையில் எந்தக் கம்பெனி பேர் இருக்கிறது என்பது அதற்கு அடுத்துதான்.

அடிப்படைச் சரக்கில் பெரிய பேதம் கிடையாது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க விற்பது பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ற பெட்ரோல். அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, ஆக்டேனும் விதித்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. குஜராத்தின் வதினாரிலோ ஜாம்நகரிலோ சுத்திகரிக்கும் தனியார் கம்பெனிக்கும் இதே விதிதான். நம் பக்கம் பாரத்தின் சரக்கு கொச்சி ஆலையிலிருந்து குழாய் வழியாக இருகூருக்கும் கரூருக்கும் வருகிறது. சென்னையிலிருந்து வரும் இந்தியன் ஆயில் குழாயின் ஒரு கிளை சங்ககிரி டெர்மினலில் முடிகிறது. கம்பெனிகள் தங்களுக்குள் சரக்கு மாற்றிக்கொள்வதும் சகஜம். பிரிட்டனில் டெஸ்கோ, ஆஸ்டா மாதிரி சூப்பர் மார்க்கெட்டுகள் மலிவாக விற்கும் பெட்ரோலைப் பற்றியும் இதே சந்தேகம் உண்டு. அங்கேயும் எல்லோருக்கும் பொதுவான தர விதி இருக்கிறது, ஈ.என். 228. விலைக் குறைப்பு வருவது லாப விகிதத்திலிருந்து.

வரியாலும் மலிவு வரும். வாளையாறு எல்லைக்கு இந்தப் பக்கமும் பொள்ளாச்சியைத் தாண்டி கோபாலபுரத்திலும் கேரளப் பதிவெண் வண்டிகள் டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. 2021-ல் தமிழ்நாடு பெட்ரோல் வரியில் மூன்று ரூபாய் குறைத்தது, 2023-ல் கேரளம் இரண்டு ரூபாய் செஸ் போட்டது. அந்த மலிவால் எந்த இன்ஜினும் கெடவில்லை. சொல்லப்போனால், அப்படிக் கூட்டம் மொய்க்கும் பங்க்கில் சரக்கு தேங்கவே வாய்ப்பில்லை.

பிரீமியம் விஷயம் சுருக்கமாகவே முடியும். ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அளவு அல்ல, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறன். 91 போதும் என்று கையேட்டில் போட்டிருக்கும் ஹேட்ச்பேக்குக்கு அதைவிட ஆக்டேன் கூடியதை ஊற்றினால் அந்தக் கூடுதல் திறனுக்கு வேலையே இல்லை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் 67 லிட்டர். எட்டு ரூபாய் வீதம் மாதம் 536 ரூபாய், வருஷத்துக்கு 6,400-க்குப் பக்கம். அந்தக் காசில் ஒரு சர்வீஸ் செய்துவிடலாம். பிரீமியத்தில் கலக்கும் கிளீனர் மருந்து, வால்வுக்கு முன்னால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜினில் வால்வின் பின்பக்கத்தைக் கழுவும். நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ இன்ஜினில் பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை, இன்ஜெக்டருக்கு மட்டும்தான் பயன். ஆனால் அதே டர்போ வண்டி மே மாத வெயிலில் நாலு பேரோடு திம்பம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கூடுதல் ஆக்டேன் கை கொடுக்கலாம். நாக், அதாவது அந்தத் தானாக வெடிப்பது வந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளும், இழுவை குறையும், கூடுதல் ஆக்டேன் அதைத் தள்ளிப்போடும். அந்த வகை இன்ஜினுக்குப் பிரீமியம் வேண்டவே வேண்டாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இனித் தொட்டி. முடிவைத் தீர்மானிப்பது இதுதான். இப்போது வரும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் தண்ணீரை இழுக்கும். எத்தனால் இல்லாத காலத்தில் தொட்டியில் இறங்கிய தண்ணீர் அடியில் தனியாகக் கிடந்தது. அளவுகோலில் வாட்டர் பேஸ்ட் தடவி விட்டால் நிறம் மாறிக் காட்டிவிடும், பம்ப் அதற்கு மேலிருந்து உறிஞ்சும். இப்போது தண்ணீர் முதலில் பெட்ரோலுக்குள்ளேயே கரைந்து மறைகிறது. பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீரைத் தாங்கும், இருபது சதவீதக் கலவை அதைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும். அந்த வரம்பைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு தனி அடுக்காக அடியில் இறங்கும். அப்போது வாளிக்கணக்கில் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும் என்பதில்லை. கொஞ்சத் தண்ணீரோடு எத்தனாலும் சேர்ந்து இறங்குவதால் அடுக்கு பருத்து, பம்ப்பின் வாய் வரைக்கும் ஏறிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலோ எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்து நிற்கும். அடி அடுக்கு வண்டிக்குள் வந்தால் சில கிலோமீட்டரில் இன்ஜின் திக்கும். மேல் அடுக்கு வந்தால் ஓடும், ஏற்றத்தில் நாக் அடிக்கும்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது? மேன்ஹோல் மூடியின் கேஸ்கெட் காய்ந்து விரிந்திருக்கும். நிரப்புகுழாயின் மூடியை லோடு இறக்கியபின் சரியாக இறுக்கியிருக்க மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பள்ளத்தில் இருக்கும் பங்க்கின் மேன்ஹோல் குழிக்குள் தண்ணீர் தேங்கும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஆனி ஆடி மழையும் சேரும். பழைய இரும்புத் தொட்டியில் துரு ஒரு தனிக் கதை, எத்தனால் அந்தத் துருவையும் கசடையும் கிளறிவிடும். தொட்டியின் மூச்சுக்குழாய் வழியே ஈரக்காற்று போவதும் வருவதும் எப்போதும் நடக்கும்.

இதெல்லாம் எந்த பங்க்கிலும் நடக்கக்கூடியதுதான். வித்தியாசம் ஓட்டத்தில் இருக்கிறது. தினம் ஐயாயிரம் லிட்டர் விற்கும் இடத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு லோடு இறங்கும், புகுந்த ஈரம் சேர்ந்து வரம்பைத் தொடுவதற்குள் சரக்கு மாறிவிடும். தினம் முந்நூறு லிட்டர் விற்கும் இடத்தில் 12,000 லிட்டர் லோடு நாற்பது நாள் கிடக்கும். அந்த நாற்பது நாளில் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போகும், காலையில் வண்டி கிளம்பச் சிணுங்கும். சிற்றூர் பங்க்கில் பிரீமியத்தை நான் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். அங்கே அதை வாங்குபவர்கள் கொஞ்சம் பேர், காசு கூடக் கொடுத்து வாங்குவது பழைய சரக்காக இருக்கும். தாராபுரம் ரோட்டிலோ காங்கேயத்திலோ லாரியும் பைக்கும் வரிசை கட்டும் பங்க், ஆளே இல்லாத பளபளப்பான பங்க்கைவிட நம்பகம். கோவை மத்திய சிறை நடத்தும் பங்க்கில் எப்போதும் கூட்டம் இருப்பதும் நல்ல அறிகுறி.

டென்சிட்டி (அடர்த்தி, ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது) பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பார்க்க வேண்டும், அது நம் உரிமை. "அண்ணா, டென்சிட்டி பாக்கோணுங்க, ஜாரும் ஹைட்ரோமீட்டரும் குடுங்க" என்று கேட்டால் தர வேண்டும். அரை லிட்டர் ஜாரில் பிடித்து, ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் விட்டு, வருவதை அங்கிருக்கும் அட்டவணையில் 15 டிகிரிக்கு மாற்ற வேண்டும். 30 டிகிரி வெயிலில் 735 காட்டினால் அது 15 டிகிரியில் 748-க்குப் பக்கம் வரும். இதை மாற்றாமல் "பதிமூணு குறையுது" என்று சண்டைக்குப் போகக் கூடாது. பலகையில் எழுதியிருப்பதற்கும் நமக்கு வந்ததற்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் சந்தேகம். மண்ணெண்ணெய் மாதிரி கனமான கலப்படத்தை இது பிடிக்கும். ஆனால் 748 டென்சிட்டி பெட்ரோலில் ஒரு சதவீதம் தண்ணீர் கரைந்தாலும் அது 750.5 ஆகத்தான் ஏறும், வரம்புக்குள்ளேயே. நாம் பயப்பட வேண்டிய விஷயத்தை டென்சிட்டி காட்டிக்கொடுக்காது. வடிதாளில் ஒரு சொட்டு விட்டு இரண்டு நிமிஷத்தில் கறை இல்லாமல் காய்கிறதா என்று பார்ப்பதும் அப்படியே, அதில் தெரிவது கனமான எண்ணெய் மட்டும். பேஸ்ட் சோதனையைக் கேட்டால் எத்தனாலுக்கான பேஸ்ட்தானா என்றும் கேளுங்கள். பழைய வகைப் பேஸ்ட், தண்ணீரும் எத்தனாலும் கலந்த அடுக்கில் சரியாக நிறம் மாறாது.

ஆக, பங்க்கில் கண்ணால் பார்க்க வேண்டியவை வேறு. மேன்ஹோல் மூடிகள் தரையைவிட உயர்ந்து நிற்கின்றனவா, சுற்றிலும் தண்ணீர் தேங்கிய அடையாளம் இருக்கிறதா, மழைக்கு மறுநாள் காலை ஊழியர் அளவுகோல் விட்டுப் பார்க்கிறாரா? டேங்கர் இறக்கும்போதும் இறக்கி அரை மணி நேரத்துக்குள்ளும் போடாதீர்கள், அடிக்கசடு கலங்கியிருக்கும். வண்டியின் டேங்க்கையும் பாதிக்குக் கீழே விட்டு வாரக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டாம், காலியிடத்தில் இருக்கும் ஈரக்காற்றும் அதே வேலையைச் செய்யும். ஈரம் ஏறிய பெட்ரோலை மேட்டுப்பாளையத்தில் நிரப்பி ஊட்டியில் ராத்திரி நிறுத்தினால் பிரிந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. குளிரக் குளிர பெட்ரோலின் தண்ணீர் தாங்கும் வரம்பு இறங்கும்.

பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மைலேஜ் குறைந்ததற்குப் பங்க்கைத் திட்டுவதற்கு முன், எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு என்பதைக் கணக்கில் எடுங்கள். இருபது சதவீதக் கலவைக்கு என்று செய்யாத காரில் ஆறேழு சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. எந்த பங்க் மாற்றினாலும் அது திரும்ப வராது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியில் ரப்பர் ஹோஸையும் ஓ-ரிங்கையும் ஒவ்வொரு சர்வீஸிலும் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

போட்டுவிட்டுக் கிளம்பிய சில கிலோமீட்டரில் வண்டி உதறி, இன்ஜின் விளக்கு எரிந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள், செல்ஃப் அடித்துக்கொண்டும் இருக்காதீர்கள். ஒவ்வொரு அடியிலும் தண்ணீர் இன்ஜெக்டருக்குள் போகிறது, பம்ப் உள்ளே துருப்பிடிக்கிறது. டேங்க்கின் அடியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, நெருப்பு இல்லாத திறந்த இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு போட்ட மாதிரி தனி அடுக்கு தெரிந்தால் விஷயம் உறுதி. தெரியாவிட்டால், 100 மில்லி அளவு ஜாரில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். இருபது சதவீத எத்தனால் இருந்தால் அடி அடுக்கு 28-க்குப் பக்கம் நிற்கும். 20-க்கே நின்றுவிட்டால் எத்தனால் ஏற்கெனவே பிரிந்து போன மேல் சரக்கு உங்களிடம் வந்திருக்கலாம். பில்லையும் அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே பங்க்குக்குப் போங்கள், மறுநாள் லோடு இறங்கிவிட்டால் அந்தத் தொட்டியில் சான்று இருக்காது. டேங்க்கை முழுக்க வடித்து, பம்ப்போடு இருக்கும் ஃபில்டரை மாற்றி, புதுப் பெட்ரோல் பத்து லிட்டர் விட்டு லைனைக் கழுவிய பிறகுதான் மெக்கானிக் இன்ஜெக்டரில் கை வைக்க வேண்டும்.