ஜியோஜீப்ரா: கணக்கு வகுப்பில் பல வருடம் பயன்படுத்திய பிறகு

கணக்குப் பாடத்துக்குப் பல வருடங்களாக ஜியோஜீப்ராவைப் பயன்படுத்தி வருகிறேன். மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய, வடிவங்களையும் வரைபடங்களையும் திரையில் வரைந்து அசைத்துப் பார்க்க உதவும் மென்பொருள் இது. வகுப்பில் பயன்படுத்தக் காசு கிடையாது. கணினியில் நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். எனக்கு இரண்டாவதுதான் பெரிய விஷயம். பாடத்தின் நடுவில் இணையம் அறுந்தால், அப்புறம் வகுப்பைப் பிடித்து உட்கார வைப்பது லேசான வேலையில்லை.

இருபடிச் சார்பு (y = ax² + bx + c) நடத்தும்போதுதான் இதன் அருமை தெரியும். a, b, c என்ற மூன்று கெழுக்களுக்கும் தனித்தனி ஸ்லைடர், அதாவது இழுத்தால் மதிப்பு மாறும் பட்டை, வைத்துக்கொள்வேன். மாறிலி c-ஐ நகர்த்தினால் வளைவு (பரவளையம்) மேலும் கீழும் போகும். வர்க்க உறுப்பின் கெழு a-வுக்கு எதிர்க்குறி வந்தால் கவிழும். இதையெல்லாம் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நடு உறுப்பின் கெழு b-ஐ மாற்றினால்? பாதிப் பேர் 'பக்கவாட்டில் நகரும்' என்பார்கள். ஆனால் முனைப் புள்ளியின் (வளைவு திரும்பும் இடத்தின்) தடம் திரையில் பதியும்படி வைத்துவிட்டு ஸ்லைடரை இழுத்தால், அந்த முனை கவிழ்ந்த இன்னொரு பரவளையத்தின் மேல் ஓடுவது தெரியும். கரும்பலகையில் இதை வரைந்து காட்ட ஒரு பீரியட் போதாது. ஏன் அப்படி ஓடுகிறது என்ற கேள்வி வந்ததும் புரொஜெக்டரை அணைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்துவிடுவேன்.

ஒன்றே ஒன்று கட்டாயம்: இழுப்பதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். எழுதாமல் வேடிக்கை பார்த்தவர்கள் புரிந்ததுபோல் தலையாட்டுவார்கள், மறுநாள் கேட்டால் முழிப்பார்கள். திரையில் அசைவதைப் பார்ப்பதும் கணக்குப் புரிவதும் வேறு வேறு.

குறைகளும் உண்டு. செல்போனில் விரலே புள்ளியை மறைத்துவிடும், சின்னத் திரையில் இழுப்பது எரிச்சல். புதிதாக வரும் ஆசிரியருக்கு அத்தனை கருவிகளையும் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். நகர்த்து, புள்ளி, கோடு, ஸ்லைடர், இவை போதும், சரி என்று தொடங்கிவிடலாம்.

இன்னொன்று, முக்கோணத்தின் கோணங்களை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிக் காட்டுவதால், மூன்றையும் கூட்டினால் சில சமயம் 180.01 வரும். அமைப்புகளில் தசம இடங்களைக் கூட்டிக்கொள்ளலாம்தான். நான் மாற்றுவதில்லை. யாராவது எழுந்து 'அப்போ 180 என்று எப்படிச் சொல்றீங்க?' என்று கேட்டால், நிரூபணத்தை அன்றைக்கே ஆரம்பித்துவிடலாம்.