லண்டன் மாணவர் ஆயிஸ்டர் கார்டு: யாருக்கு லாபம், யாருக்கு வீண்?

லண்டனுக்குப் படிக்கப் போகும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "உடனே ஸ்டூடண்ட் ஆயிஸ்டருக்கு அப்ளை பண்ணு, முப்பது பர்சென்ட் டிஸ்கவுண்ட்." ஆயிஸ்டர் என்பது லண்டன் சுரங்க ரயிலிலும் (ட்யூப்) பஸ்ஸிலும் தட்டிப் பயணிக்கும் அட்டை. அறிவுரை நல்லதுதான், ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. அந்த முப்பது சதவீதம் எதற்கு, எதற்கு இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு மூன்று நாள் பகுதிநேர வேலை என்று ஓடுகிற மாணவருக்கு இந்த அட்டை மட்டும் போதாது. தவறாகப் பயன்படுத்தினால் கைக்காசு கூடுதலாகவே போகும்.

கீழே உள்ள கட்டணங்கள் 2025 மார்ச் பட்டியல்படி. வழக்கமாக மார்ச்சில் இவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் அட்டை என்ன தருகிறது என்று பார்ப்போம். பெயர் '18 பிளஸ் ஸ்டூடண்ட் ஆயிஸ்டர் ஃபோட்டோகார்டு'. லண்டன் போக்குவரத்து நிர்வாகமான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் வழங்குகிறது. வாரம், மாதம் அல்லது அதற்கு மேற்பட்ட காலத்துக்கான டிராவல்கார்டிலும் (குறித்த காலம் முழுக்க எத்தனை முறையும் பயணிக்கும் சீட்டு), பஸ்-டிராம் பாஸிலும் 30 சதவீதம் தள்ளுபடி. அவ்வளவுதான். பணம் டாப்-அப் செய்து, போகும் அளவுக்கு மட்டும் கழித்துக்கொள்ளும் சாதாரணப் பயணத்துக்கு இந்த அட்டை ஒரு பென்னிகூடக் குறைக்காது. நாள் உச்சவரம்பும் (ஒரு நாளில் எத்தனை பயணம் போனாலும் கழியும் அதிகபட்சத் தொகை) குறையாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்: அட்டை கையில் இருக்கிறது, தள்ளுபடியில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முழுக் கட்டணம் கட்டுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஈஸ்ட் ஹாமை எடுத்துக்கொள்வோம். தமிழ்க் கடைகளும் கோயிலும் பகிர்ந்துகொள்ளும் அறைகளும் இருப்பதால் நம் மாணவர்கள் நிறையப் பேர் இறங்குகிற இடம். ஈஸ்ட் ஹாம் நிலையம் ஜோன் 3, 4 எல்லையில் இருக்கிறது (நகர மையமான ஜோன் 1-இலிருந்து வெளியே எண்ணப்படும் கட்டண வட்டங்கள் இவை). அதனால் மத்திய லண்டனில் கல்லூரி என்றால் ஜோன் 1 முதல் 3 வரை போதும். பெரியவர்களுக்கான வார டிராவல்கார்டு 52.50 பவுண்டு, மாதத்துக்கு 201.60. மாணவர் அட்டையில் வாரம் சுமார் 36.75, மாதம் சுமார் 141.

இப்போது டாப்-அப் கட்டணம். ட்யூபில் பீக் (நெரிசல்) நேரத்தில் ஒருவழி 3.80, ஆஃப்-பீக் நேரத்தில் 3.10. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் பீக். மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறையும் ஆஃப்-பீக்.

காலை பீக்கில் போய் மாலை பீக்கில் திரும்பினால் நாளுக்கு 7.60. மாத டிராவல்கார்டின் 141 பவுண்டை எட்ட அப்படி 19 நாள் போக வேண்டும். வார அட்டை வாங்கினால் ஐந்து நாளும் பீக்கில் போய்வந்தால்தான் (38 பவுண்டு) லாபம், அதுவும் ஒரு பவுண்டு சொச்சம். தினமும் லேப் உள்ளவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், வாரம் ஐந்தாறு நாளும் ஜோன் 1-க்குள் நுழைந்தே ஆக வேண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மாத டிராவல்கார்டு வாங்கலாம். ஓராண்டு முதுகலை படிப்பவர்களில் பெரும்பாலோருக்கு வகுப்பு வாரத்தில் இரண்டோ மூன்றோ நாள்தான். அவர்களுக்கு இது வீண்.

அவர்களுக்கு உண்மையான கருவி ரெயில்கார்டு, அதாவது பணம் கட்டி வாங்கும் ரயில் கட்டணத் தள்ளுபடி அட்டை. 16–25 ரெயில்கார்டு ஓராண்டுக்கு 35 பவுண்டு, மூன்றாண்டுக்கு 80. 26 வயதைத் தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவர் என்றால் பல்கலைக்கழகத்தில் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி இதே அட்டையைப் பெறலாம். அந்த அலைச்சல் வேண்டாம் என்றால் 26–30 ரெயில்கார்டு இருக்கிறது. இதை ஆயிஸ்டருடன் இணைத்துவிட்டால் ஆஃப்-பீக் டாப்-அப் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆஃப்-பீக் நாள் உச்சவரம்பும் அதே அளவு குறையும். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஜோன் 1-க்கு 3.10 என்பது 2.05 ஆகிறது. 34 ஒருவழிப் பயணத்தில் 35 பவுண்டு திரும்பிவிடும். மான்செஸ்டரில் இருக்கும் நண்பரைப் பார்க்க ஒருமுறை ரயிலில் போய்வந்தால் இன்னும் சீக்கிரம்.

இணைப்பது தானாக நடக்காது. ரெயில்கார்டு செயலியில் வாங்கியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள், அதுதான் வழக்கமான தவறு. ட்யூப் நிலையத்துக்குப் போய், டிக்கெட் இயந்திரத்தின் அருகில் நிற்கும் ஊழியரிடம் ஆயிஸ்டரையும் ரெயில்கார்டையும் காட்டிக் கேட்க வேண்டும். அவர் இயந்திரத்தில் தன் அட்டையால் நுழைந்து பதிந்து தருவார், இரண்டு நிமிட வேலை. மாணவர் ஃபோட்டோகார்டிலேயே இதைப் பதியலாம், தனியாக நீல ஆயிஸ்டர் வாங்க வேண்டியதில்லை. ரெயில்கார்டு காலாவதியானால் இணைப்பும் சேர்ந்து காலாவதியாகும். புதுப்பித்த பின் மறுபடியும் நிலையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். வங்கி அட்டையிலோ போனிலோ தட்டிப் போனால் இந்தத் தள்ளுபடி கிடைக்கவே கிடைக்காது.

மாலை ஷிஃப்ட் பார்ப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய விதி ஒன்று: மாலை 4 முதல் 7 வரை பீக் என்றாலும், ஜோன் 1-க்கு வெளியிலிருந்து ஜோன் 1-க்குள் போகும் பயணத்துக்கு அந்த நேரத்தில் ஆஃப்-பீக் கட்டணம்தான். கூட்டம் வெளியே வரும் நேரத்தில் நீங்கள் உள்ளே போகிறீர்கள். ஆக, ஈஸ்ட் ஹாம் அறையிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பி மத்திய லண்டன் உணவகத்தில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்பினால், ரெயில்கார்டு இணைத்திருந்தால் போகவர 4.10 பவுண்டு. காலை பீக்கில் வகுப்புக்குப் போய், அங்கிருந்தே ஷிஃப்டுக்குப் போய், ஏழு மணிக்குப் பின் திரும்பினால் 5.85. வகுப்பு நாளிலேயே வேலையையும் கோத்துவிட்டால் ஒரு பயணச் செலவு முழுதாக மிச்சம். மேலாளரிடம் ஷிஃப்ட் கேட்கும்போதே கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

ஷிஃப்டின் நீளமும் இதில் முக்கியம். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாகவும், 18 முதல் 20 வயதுக்கு 10 பவுண்டாகவும் இருந்தது. 12.21 கணக்கில் மூன்று மணி நேர ஷிஃப்டுக்கு 36.63 வரும். அதற்கு 7.60 செலவழித்துப் போய்வந்தால் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு ட்யூபுக்கே போகிறது. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான ஷிஃப்டை நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகும் தூரத்தில் மட்டும் ஏற்பது சரி. மாணவர் விசாவில் பட்டப்படிப்பு நிலையில் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை, எல்லா வேலையும் சேர்த்து. அந்த 20 மணி நேரத்தைத் துண்டு துண்டாக ஆறு ஷிஃப்டில் கரைப்பதைவிட நான்கு ஷிஃப்டில் முடிப்பது பயணச் செலவைப் பெரிதும் குறைக்கும்.

இதோடு சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டியது: உணவு டெலிவரி செயலிகளில் சுயதொழிலாக வண்டி ஓட்டுவது மாணவர் விசாவில் கூடாது. வேறொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டினால் ஆபத்து இன்னும் அதிகம். அதேபோல, முதுகலை மாணவர்களுக்குக் கோடைக்காலம் விடுமுறை இல்லை. ஆய்வேடு எழுதும் காலம் பாடத்தின் பகுதிதான், 20 மணி நேர வரம்பு அப்போதும் தொடரும். இளங்கலை நண்பர் ஜூலையில் முழுநேரம் வேலை பார்க்கிறார் என்று அதைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள்.

ட்யூபை விட்டு பஸ்ஸுக்கு வந்தால் கணக்கே வேறு. பஸ் ஒரு சவாரிக்கு 1.75. முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே 1.75தான். கடைசி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் போதும், இறங்க வேண்டும் என்பதில்லை. குயின் மேரி பல்கலைக்கழகத்தில் படிப்பவர் ஈஸ்ட் ஹாமில் 101 ஏறி, மேனர் பார்க்கில் 25-க்கு மாறினால் மைல் எண்ட் சாலையில் கல்லூரி வாசலுக்கே போகலாம். நெரிசலில் நேரம் எடுக்கும், காலை ஒன்பது மணி வகுப்புக்கு நம்ப முடியாது. மைல் எண்ட் நிலையம் ஜோன் 2-இல் இருப்பதால், ஜோன் 1-க்குள் நுழையாமல் ட்யூபில் போனாலும் ஒருவழி 2 பவுண்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வழித்தடத்தில் எந்த டிராவல்கார்டும் தேவையில்லை.

பஸ்ஸிலேயே வாழ்பவர்களுக்கு மாணவர் பஸ் பாஸ் நல்ல பொருள். வாரத்துக்கு 24.70 என்பது தள்ளுபடியில் 17 பவுண்டுக்குச் சற்று மேல். வாரத்தில் பத்து சவாரியைத் தாண்டினால் லாபம். தினமும் கல்லூரிக்கும் வேலைக்கும் பஸ்தான் என்றால் இதைத் தயங்காமல் வாங்கலாம். ரெயில்கார்டு தள்ளுபடி பஸ்ஸுக்குக் கிடையாது என்பதால் இங்கே மட்டும் மாணவர் அட்டைக்குப் போட்டியே இல்லை.

இரவு வேலைக்கு ஒரு எச்சரிக்கை. வெள்ளி, சனி இரவுகளில் ஓடும் நைட் ட்யூப் சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்கடில்லி, விக்டோரியா தடங்களில் மட்டும். ஈஸ்ட் ஹாம் வழியே போகும் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் இல்லை. டிராஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு என்15 இரவு பஸ் வருகிறது. கட்டணம் அதே 1.75. வெம்பிளி பார்க்கில் குடியிருப்பவருக்கு ஜூபிலி தடம் இருப்பதால் வார இறுதி இரவு ஷிஃப்ட் எளிது. அறை தேடும்போது வாடகையோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு வருவோம். இணையத்தில்தான். கட்டணம் இருபது பவுண்டு அளவில். பருவ காலத்தில் லண்டன் பரோ (மாநகர உள்ளாட்சிப் பகுதி) ஒன்றில் முகவரி இருக்க வேண்டும், ஸ்லவ், வாட்ஃபோர்டில் தங்குபவர்களுக்குக் கிடைக்காது. கல்வி நிறுவனமும் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாணவர் எண், பிறந்த தேதி, படிப்பின் தொடக்க, முடிவுத் தேதிகள் எல்லாம் பல்கலைக்கழகப் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும், ஏனெனில் பல்கலைக்கழகம் சரிபார்த்து ஒப்புதல் தந்தால்தான் அட்டை வரும். சேர்க்கை முழுதாக முடியும் முன் விண்ணப்பித்தால் நிராகரிப்புதான்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருக்கும். தந்தை பெயரைக் கல்லூரி ஒருவிதமாகப் பதிந்திருக்கும், வங்கி வேறுவிதமாக. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்பாமல், பல்கலைக்கழக இணையக் கணக்கில் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அட்டை தபாலில் வரும். நண்பர் அறையில் இரண்டு வாரம் தங்கியபடி அந்த முகவரியைக் கொடுத்தால், அட்டை வரும்போது நீங்கள் வேறு வீட்டில் இருப்பீர்கள்.

பயன்பாட்டில் நேரும் தவறுகளில் செலவு வைப்பது இரண்டு. ஆயிஸ்டரில் தட்டி உள்ளே போய் போனில் தட்டி வெளியே வந்தால் இரண்டு முடியாத பயணமாகக் கணக்காகி, இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம் கழியும். கார்டை இணையக் கணக்கில் பதிந்து வைத்தால் பார்த்துத் திருப்பிக் கேட்கலாம். இன்னொன்று இளஞ்சிவப்பு ரீடரை (வழியில் ரயில் மாறும்போது அட்டையைத் தட்டும் கருவி) மறப்பது. ஸ்ட்ராட்ஃபோர்ட், கோஸ்பல் ஓக், ஹைபரி அண்ட் இஸ்லிங்டன், கனடா வாட்டர் போன்ற நிலையங்களில் மாறி ஜோன் 1-ஐச் சுற்றிக்கொண்டு போகும்போது அதில் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் சில வழித்தடங்களில் ஜோன் 1 வழியாகப் போனதாக எடுத்துக்கொண்டு கூடுதலாகக் கழிக்கும்.

ஃபோட்டோகார்டை அறை நண்பரிடம் ஒரு நாளைக்கு என்றாலும் கொடுக்காதீர்கள். அபராதம் 100 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் பாதி. தள்ளுபடி அட்டையை மாற்றிப் பயன்படுத்தினால் அது வழக்காகவும் மாறலாம், குற்றப் பதிவு விசா விண்ணப்பத்தில் கேள்வியாக வரும்.

டிராவல்கார்டுதான் சரி என்று முடிவுசெய்தவர்கள் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளை நாள்காட்டியில் பார்த்து வாங்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் எத்தனை நாள் வேண்டுமானாலும், பத்து மாதம் பன்னிரண்டு நாள் வரை, தேதி குறித்து வாங்க முடியும். செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வகுப்பு முடியும் நாள் வரை ஒரே டிராவல்கார்டாக எடுத்து, ஜனவரியில் அடுத்ததைத் தொடங்குவதுதான் கணக்குக்கு உகந்தது. ஆண்டு டிராவல்கார்டு நாற்பது வார விலைதான், ஆனால் ஓராண்டு முதுகலையில் அந்த நாற்பது வாரம் யாரும் தினமும் பயணம் செய்வதில்லை.