நான்கு குளிர்காலம் கண்ட நீல ஸ்வெட்டர்: மென்மையான நூலை நம்பி வாங்கலாமா?

கோயம்புத்தூரில் இருக்கும் தோழி சென்ற வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒற்றைப் புரியாக, அதாவது ஒரே சரமாக, முறுக்கிய மெரினோ (மெல்லிய கம்பளி தரும் ஓர் ஆட்டினம்) கம்பளி நூல், 50 கிராம் கண்டு, விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. டில்லிக்குப் படிக்கப் போகும் மகனுக்கு ஸ்வெட்டர் பின்ன இதை வாங்கலாமா, நீயும் இதே நூலில் பின்னித்தானே இத்தனை நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வி வந்த நேரத்தில் நான் அதே நூலில் பின்னிய நீல ஸ்வெட்டரின் முழங்கைக்கு இழையோட்டிக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகளில் இது மூன்றாவது முறை. ஒரே வரியில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை.

முதலில் அந்த நூலுக்குரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். குன்னூரில் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல் குன்னூருக்கு நடந்து ஏறினால் முதுகு வியர்த்துவிடும். ஏறி முடித்து நின்றதும் அந்த வியர்வையே குளிராக மாறி உடம்பில் இறங்கும். கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை உள்ளிழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அக்ரிலிக் என்ற செயற்கை இழையோ ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு மேல் வாங்காது, மிச்ச ஈரம் சட்டையிலேயே தங்கிவிடும். இந்த வேறுபாட்டை நான் ஒவ்வொரு காலையும் முதுகில் உணர்ந்திருக்கிறேன். கழுத்தில் உறுத்தாததும் பெரிய சுகம். ஓர் இழையின் பருமன் 30 மைக்ரானை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் தோலைக் குத்தும் என்பார்கள். மெரினோ இழை பொதுவாக 24 மைக்ரானுக்கும் குறைவான பருமன் உடையது. அதனால்தான் கடையில் அந்தக் கண்டைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்த கணமே நான் பதினொரு கண்டு வாங்கிவிட்டேன்.

அங்கேதான் தவறு தொடங்கியது. முதல் குளிர்காலம் முடிவதற்குள் அக்குளுக்குக் கீழேயும், தோள்பை உரசும் வலது இடுப்போரத்திலும் கடுகளவு உருண்டைகள் கட்டத் தொடங்கின. ஆடைத் தொழிலில் இதைப் பில்லிங் என்கிறார்கள். திருப்பூரில் பருத்திப் பின்னலாடைகளுக்கு நொதி சேர்த்து பயோ வாஷ் செய்வதே, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை முன்கூட்டியே நீக்கி இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான். கையால் பின்னுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. நூலைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு தருணத்தில் நாம் தவறினால், பிறகு ஆடை இருக்கும் வரை அதனோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

உருண்டை எப்படிக் கட்டுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் நூல் வாங்கும் பார்வையே மாறிவிடும். கம்பளி நூல் என்பது விரல் நீளமே உள்ள எண்ணற்ற இழைகள் முறுக்கினால் மட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு. முறுக்குத் தளர்வாக இருந்தால் நூல் பஞ்சு போல மெத்தென்று இருக்கும். ஆனால் ஒவ்வோர் உரசலுக்கும் சில இழைகளின் நுனி வெளியே வந்து, அக்கம்பக்கத்து நுனிகளோடு சிக்கிச் சுருண்டுவிடும். இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு எளிதாகச் சுருளும். நூற்கும்போது ஒரு பக்கமாக முறுக்கிய இழைகளை இரண்டாகவோ நான்காகவோ சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால், ஒரு புரி மற்றொன்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புரி நூலில் அந்தக் காவல் கிடையாது. மெல்லிய இழை, தளர்ந்த முறுக்கு, ஒற்றைப் புரி ஆகிய மூன்றும் சேர்ந்ததைத்தான் நான் கன்னத்தில் ஒற்றி மகிழ்ந்து, நாள்தோறும் உரசப்போகும் ஓர் ஆடைக்காக வாங்கி வந்தேன்.

இரண்டாம் ஆண்டில் பேட்டரியில் ஓடும் பிசிறு நீக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்வெட்டரை மேசை மேல் விரித்து ஓட்டினால் அதன் சிறு டப்பா நிறைய நீலப் பஞ்சு சேரும், ஆடை புதியது போலாகிவிடும், மனமும் நிறையும். அந்தப் பஞ்சு வேறெங்கிருந்தும் வரவில்லை, என் ஸ்வெட்டரின் நூலைத்தான் வாரவாரம் எடுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது மூன்றாம் ஆண்டில் முழங்கைப் பகுதியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. மற்ற இடங்களில் கண்ணிகள் (பின்னலின் வளையங்கள்) ஒன்றையொன்று ஒட்டி நிறைந்திருக்க, முழங்கையில் மட்டும் தையல் நூல் அளவுக்கு மெலிந்து, கண்ணிக்குக் கண்ணி வெளிச்சம் தெரிந்தது. மிச்சம் வைத்திருந்த நூலை மொட்டை ஊசியில் கோத்து, ஒவ்வொரு கண்ணியின் அடியிலும் நுழைந்து, மேல் கண்ணியின் இரு கால்களுக்கும் பின்னால் போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, பழைய நூல் போன வழியிலேயே புதிய நூலை ஓட்ட வேண்டும். ஒரு முழங்கைக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் போயின.

நீல ஸ்வெட்டரைப் பின்னிய அதே ஆண்டில் என் கணவருக்குப் பின்னிய பழுப்பு ஸ்வெட்டரைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அது லூதியானாவிலிருந்து வரும் சாதாரணக் கம்பளி நூல். நான்கு புரி சேர்த்து இறுக்கமாக முறுக்கியது. கையில் எடுத்தால் சற்றுச் சொரசொரவென்று இருக்கும். விலையும் மெரினோவில் பாதிகூட இல்லை. (கடையில் 4 பிளை, 8 பிளை என்று கேட்பது பெரும்பாலும் தடிமனுக்கான பெயர், எத்தனை புரி சேர்ந்தது என்ற கணக்கு அல்ல. நுனியைப் பிரித்துப் பார்த்துத்தான் புரியை எண்ண வேண்டும்.) நான்கு குளிர்காலமும் அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் மேசையில் முழங்கை ஊன்றி எழுதுகிறார், இன்றுவரை ஊசி எடுக்கவேண்டி வரவில்லை. முதல் ஆண்டில் சில உருண்டைகள் கட்டின, கையால் கிள்ளினேன், பிறகு அதுவும் நின்றுவிட்டது. குறை என்றால் கழுத்தில் குத்தும். காலர் வைத்த சட்டைக்கு மேல்தான் போட முடியும். வெந்நீரில் போட்டு அலசினால் சுருங்கிக் கெட்டித்துவிடும் என்பதால் குளிர்ந்த நீரில் கையால்தான் துவைக்கிறேன். உள்ளூர்க் கம்பளி என்று பார்த்தால், நீலகிரி என்ற பெயரிலேயே ஓர் ஆட்டினம் உண்டு. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பேணி வளர்க்கிறார்கள். தென்னிந்தியாவில் ஆடைக்கேற்ற நுண்மையான கம்பளி தரும் இனம் அது. அந்தக் கம்பளி கைப்பின்னல் நூலாக எங்கள் கடைவீதியில் என் கண்ணில் பட்டதே இல்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

மெரினோவின் மேல் எனக்கு இருக்கும் இரண்டாவது மனக்குறை துவைப்பது பற்றியது. வாஷிங் மெஷினில் போடலாம் என்று உறையில் அச்சிட்டிருந்தது. அப்படிப் போடக்கூடிய கம்பளியில், இழையின் மேலுள்ள செதில்களைப் பெரும்பாலும் குளோரின் கொண்டு மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சும் கொடுத்திருப்பார்கள். செதில்கள் கோத்துக்கொள்ளாததால் ஆடை சுருங்காது. அதே காரணத்தால் நனைந்ததும் பிடிமானம் விட்டு நீளும். கண்ணிக் கணக்குப் பார்க்க நான் மாதிரித் துண்டு பின்னினேன், ஆனால் துவைக்காமலே அளந்தேன். 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தது; முதுகுக்கு 110 கண்ணி போட்டேன், 50 செ.மீ. அகலம். முதல் துவைப்புக்குப் பிறகு 10 செ.மீ.க்கு 20 கண்ணியாகிவிட, அதே முதுகு 55 செ.மீ. ஆயிற்று. முன்பக்கமும் அப்படியே விரிந்ததில் சுற்றளவில் 10 செ.மீ. கூடி, தோள் இறங்கிவிட்டது. மாதிரித் துண்டை, ஆடையை எப்படித் துவைக்கப் போகிறோமோ அப்படியே துவைத்து, காயவைத்து, அதற்குப் பிறகே அளக்க வேண்டும். இது என் கவனக்குறைவு. நூலின் மேல் பழி போட மாட்டேன்.

ஆனால் உருண்டை விஷயத்தில் என்னால் அப்படி விட்டுக்கொடுக்க முடியவில்லை. நூல் உறையில் எத்தனை மீட்டர், எந்த ஊசி, எந்தச் சாயத் தொகுதி (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்கான எண்) என்று எல்லாவற்றையும் அச்சிடுகிறார்கள். ஆலைத் துணிகளை மார்ட்டின்டேல் என்ற கருவியில் உரசிப் பார்த்து, உருண்டை கட்டும் தன்மைக்கு 1 முதல் 5 வரை தரம் போடும் முறை வழக்கத்தில் இருக்கிறது. உருண்டையே கட்டாவிட்டால் 5. அந்த ஒற்றை எண்ணை உறையில் அச்சிடுவதில் என்ன இடர்? இரண்டு மாத உழைப்பை அந்த நூலின் மேல் போடப் போகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? ஒற்றைப் புரி மெரினோ கெட்ட நூல் அல்ல. சால்வைக்கும் கழுத்துத் துண்டுக்கும் அதைவிட நல்லது கிடையாது; குழந்தையின் தொப்பிக்கும் பொருந்தும். 'அதிகம் உரசும் ஆடைக்கு ஏற்றதல்ல' என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் பதினொரு கண்டு வாங்கியிருக்க மாட்டேன். அவ்வளவுதான் என் வழக்கு.

இதனால் அக்ரிலிக் பக்கம் போகலாமா என்று தோழி கேட்கக்கூடும். வேண்டாம் என்பேன். கம்பளி உருண்டை நாளடைவில் வேரறுந்து தானே உதிரும். வலுவான செயற்கை இழையில் கட்டியது எளிதில் விடாது. தவிர, கம்பளி என்று சொல்லி அக்ரிலிக்கை விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு கண்காட்சிக் கடையில் அப்படி வாங்கி வந்த நூலில் ஒரு துண்டை விளக்குச் சுடரில் காட்டினேன். கம்பளியாக இருந்தால் முடி பொசுங்கும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியும். இதுவோ உருகிச் சொட்டி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நின்றது. அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கரித்துணிக்கு அக்ரிலிக்கைத் தொடவே கூடாது என்பதற்கும் அந்த மணியே காரணம். கரித்துணிக்குப் பருத்தி நூல்தான். 8 பிளை பருத்தியில் 40 கண்ணி போட்டு, எல்லா வரிசையும் நிட் என்ற அடிப்படைக் கண்ணி மட்டுமே பின்னிய சதுரத் துண்டுகளை இரண்டாக மடித்துப் பயன்படுத்துகிறேன். வெந்நீரில் எத்தனை முறை அலசியும் அவை மூன்று ஆண்டுகளாகக் கட்டுக்குலையவில்லை. நான் பின்னியவற்றில் தினமும் கைக்கு வருவதும், பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சி தருவதும் அந்தச் சிறு துண்டுகள்தாம்.

தோழிக்கு இப்படி எழுதி அனுப்பினேன். மகனின் ஸ்வெட்டருக்கு அந்த நூலை வாங்காதே. மூன்று அல்லது நான்கு புரி இறுக்கமாக முறுக்கிய கம்பளியில் முதலில் ஒரே ஒரு கண்டு வாங்கு. ஒரு சாண் நூலை இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பார். சத்தமின்றிப் பஞ்சாகப் பிரிந்து வந்தால் வேண்டாம். உள்ளங்கை அளவு பின்னி, துவைத்து, காயவைத்து, சாவிக்கொத்தோடு சேர்த்துக் கைப்பைக்குள் ஒரு வாரம் போட்டு வை. அப்படியும் உருண்டை கட்டாவிட்டால் 8 பிளை தடிமனில் ஒரு 600 கிராம் வாங்கு. எல்லாக் கண்டும் ஒரே சாயத் தொகுதியாக இருக்கட்டும். கழுத்துப் பட்டைக்கு மட்டும் மெரினோ வைத்துக்கொள், பிள்ளைக்குக் குத்தாது.

கூடவே, அந்த விலை குறைந்த நூலில் அதே நீலம் இருந்தால் எனக்கு நான்கு கண்டு வாங்கி வைக்கவும் சொல்லியிருக்கிறேன். இந்த ஸ்வெட்டரைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னியிருப்பதால், கைகளை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை பிரித்துவிட்டு மறுபடி பின்ன முடியும். சாயத் தொகுதி மாறியிருக்கும். நிற மாற்றம் கோடு போலத் தெரியாமலிருக்க, பிரித்த நூலில் தேயாத பகுதியையும் புதிய நூலையும் தொடக்கத்தில் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னிக்கொள்ளலாம். நவம்பருக்குள் முடித்தால் போதும்.