மாடித்தோட்டச் சாமான்கள்: சில கோடைகள் கழித்து எது மிச்சம்?

2020 ஊரடங்கின்போது எங்கள் தாம்பரம் பக்கத்துத் தெருவில் எந்த மொட்டைமாடியை எட்டிப் பார்த்தாலும் செடிப் பைகள் வரிசையாக நின்றன. இப்போது பல மாடிகளில் காய்ந்த மண்ணும் கிழிந்த பிளாஸ்டிக்கும்தான். எங்கள் வீட்டில் தோட்டம் இன்னும் ஓடுகிறது. அதற்கு வாங்கிய சாமான்களில் எது உழைத்தது, எது மூலைக்குப் போனது என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பைகள். கடையில் மலிவாகக் கிடைப்பவை வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு நிறத்தில் இருக்கும் மெல்லிய பாலித்தீன் பைகள். வெயிலைத் தாங்கும் என்று சொல்லித்தான் விற்பார்கள். சென்னை வெயிலில் இரண்டாவது கோடை முடிவதற்குள் விளிம்பு நொறுங்க ஆரம்பித்துவிடும்; நொறுங்கிய துணுக்குகள் மண்ணோடு கலந்துவிடுவது அதைவிடத் தொல்லை. பிறகு வாங்கிய பச்சை நிற நெய்த பைகள், அதாவது தார்ப்பாய் மாதிரி தடிமனான எச்.டி.பி.இ. பைகள், விலை கூடுதல்தான். ஆனால் இன்றும் அவற்றைக் காதைப் பிடித்துத் தூக்கி இடம் மாற்ற முடிகிறது. அளவைப் பொறுத்தவரை கீரைக்கு 9 அங்குல உயரம் போதும், அகலம்தான் முக்கியம். வெண்டை, கத்தரி, மிளகாய்க்கு 12க்கு 12. தக்காளிக்கு 15. சுரை, பூசணி வைப்பதானால் பெரிய டிரம்மாகப் பார்த்து வையுங்கள். சின்னப் பையில் கொடி மட்டும் ஓடும், காய் வராது.

பைக்கு அடியில் என்ன வைக்கிறீர்கள் என்பது பையைவிட முக்கியம். 12 அங்குலப் பை ஈரத்தோடு இருபது கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அது நேராகத் தளத்தில் உட்கார்ந்தால் அடியில் ஈரம் காயவே காயாது. கீழ்வீட்டு அக்கா, "ஏம்ப்பா, எங்க ஹால் சீலிங்ல ஏதாவது தெரியுதா பாரு" என்று மழைக்காலம் வந்தால் கேட்பார். செங்கல் வைத்துத் தூக்கினாலும் போதும். நாங்கள் பிறகு இரும்பு ஸ்டாண்டுக்கு மாறினோம். கனமானவற்றைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக வையுங்கள். மொத்தத்தில் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது இந்த ஸ்டாண்டுதான். ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிட்டுத்தான் விதைக்கடைக்குப் போகிறார்கள்.

அடுத்தது தென்னை நார்க்கழிவு, கடைப் பெயர் கோகோபீட். 5 கிலோ கட்டியை ஊற வைத்தால் அறுபது எழுபது லிட்டருக்கு உப்பிவிடும். எடை குறைவு, ஈரம் பிடிக்கும், மாடிக்கு ஏற்றது. எல்லாம் சரி. ஆனால் அதில் உப்பு இருக்கும். டீ நிறத்தில் தண்ணீர் இறங்குவது நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துதான் பயன்படுத்த வேண்டும். இன்னொரு விஷயம், மக்காத நார்க்கழிவில் தழைச்சத்தைப்போல, அதாவது நைட்ரஜனைப்போல, நூறு மடங்குக்கு மேல் கார்பன் இருக்கிறது. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். நாற்று வெளுத்து, வளராமல் அப்படியே நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மக்க வைத்தது என்று கேட்டு வாங்குங்கள். செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கலந்து ஈரமாக்கிப் பத்து நாள் விட்டுவிட்டு அப்புறம் விதை போடுங்கள். உப்பும் உரமும் சரியாக இருந்தால் பாதிக் கவலை போய்விடும்.

சொட்டுநீர் செட், டைமரோடு வாங்கியது. ஊருக்குப் போகும் நாட்களுக்கு நல்லதுதான். மற்றபடி எங்கள் போர் தண்ணீரின் உப்பில் சொட்டுவான்கள் அடைத்துக்கொண்டே இருக்கும், வினிகரில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும். இருபது பைக்குள் இருந்தால் கையால் ஊற்றுவதே மேல் என்பது என் கட்சி. தண்ணீர் ஊற்றப் போகிற கைதான் இலையைத் திருப்பிப் பார்க்கும். மாவுப்பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பூச்சிக்கு வாங்கியவற்றில் தங்கியது வேப்ப எண்ணெய் மட்டும். லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் தெளிக்க வேண்டும். மாவுப்பூச்சி, அசுவினி (செடிப்பேன்) ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டால் அடங்கும். கத்தரியின் தண்டுத் துளைப்பானுக்கு இது போதாது, புழு உள்ளே இருக்கிறது. தலை வாடித் தொங்கும் நுனியை வெட்டி எறிவதுதான் வழி. வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். மருந்து தேடாதீர்கள், செடியைப் பிடுங்கிவிடுங்கள். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி வீதம் கொடுத்தால் இலை பளபளக்கிறது, மறுக்கவில்லை. மீன் கழிவை வெல்லத்தோடு புளிக்க வைத்த மீன் அமிலம் தெளித்த அன்று தெருப் பூனைகள் அத்தனையும் மாடியில்தான்.

50 சதவீத நிழல்வலை ஏப்ரல், மே மாதங்களில் கீரையைக் காப்பாற்றுகிறது. தக்காளியைக் காப்பாற்றாது, ஏனென்றால் அந்த வெக்கையில் மகரந்தம் வீணாகிப் பூ உதிரும். ஐப்பசிக்கு முன் வலையைக் கழற்றிவிடுவது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வலை கட்டிய கம்பிகளையே அடுத்த தெருவில் பார்த்தவர்கள் உண்டு.

கொடிக்காய்களில் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது என்று பலரும் உரம் உரமாகக் கொட்டுகிறார்கள். பெரும்பாலும் தேனீ வராததுதான் கோளாறு. பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். பூசணிக்குக் காலையில், சுரைக்கும் பீர்க்கனுக்கும் சாயங்காலம். இந்த நேரம் தப்பினால் பலனில்லை.

காய்கறிச் செலவு குறைந்ததா என்று எல்லாரும் கேட்பார்கள். வெங்காயம், உருளை எப்போதும்போலக் கடையில்தான். கீரை, மிளகாய், கறிவேப்பிலை வாங்குவது ஏறக்குறைய நின்றுவிட்டது. கத்தரி சீசனில் பக்கத்து வீட்டுக்கும் போகும். காலிஃபிளவரும் கேரட்டும் இந்த ஊர் வெயிலில் இடத்தை அடைக்கும் வேலை. முதல் வருடம் ஆறு பை போதும். இரண்டில் சிறுகீரையும் அரைக்கீரையும், மூன்று வாரத்தில் பறிக்கலாம். தொடங்கியவருக்கு அதுவே தெம்பு. இரண்டில் வெண்டை, ஏழு வாரத்துக்குள் காய். மீதியில் கத்தரியும் மிளகாயும் நாற்றாகவே வாங்கி நடுங்கள். ஆடிப்பட்டத்துக்குக் கலவை தயாராக இருக்க வேண்டுமானால் ஆனி பாதியிலேயே நார்க்கழிவை ஊறப் போட்டுவிடுங்கள். வெண்டை முற்றுவதற்குள் ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். நாட்டு ரகமாக இருந்தால் கடைசியில் இரண்டு காயை விதைக்கு விட்டால் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க வேண்டாம்.