அச்சடித்த படிவமா, மின்படிவமா?

கோலாலம்பூரில் மெயின்ஃபிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) அச்சைக் கவனிக்கும் நம்மவர்கள் சிலர், படிவக் கட்டம் முன்பே அச்சான தாளா, வெற்றுத்தாளில் தரவோடு சேர்த்துக் கட்டத்தையும் பிரிண்டரே அச்சிடும் மின்படிவமா என்று இன்னும் தயங்குகிறார்கள்.

செலவு: அச்சடித்த தாளை மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டும். மின்படிவத்துக்கு வெற்றுத்தாள் போதும். டோனர் கூடுதலாகச் செலவாகும்.

மாற்றம்: பெரிய வித்தியாசம் இங்கேதான். மலேசியாவில் 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தது. 2018 செப்டம்பரில் அது போய் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) வந்தது. ஜிஎஸ்டி கட்டம் அச்சான இன்வாய்ஸ் தாள் மிச்சமிருந்தால் வீண்தான். மின்படிவத்தில் ஓவர்லேயை (கணினியில் இருக்கும் படிவ வடிவத்தை) திருத்தினால் அடுத்த அச்சிலேயே புதுப் படிவம் வந்துவிடும்.

வேலை: அச்சடித்த தாளில் ஆபரேட்டர் தாளை மாற்றி, எழுத்துகள் கட்டத்தில் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மின்படிவத்தில் ஜேசிஎல்லில் (மெயின்ஃபிரேமுக்கு வேலையைச் சொல்லும் கட்டளைகளில்) ஃபார்ம்டெஃப், அதாவது படிவ வரையறையின் பெயர் கொடுத்தால் சரி.

நகல்: கார்பன் தாளில் ஒரே அடியில் மூன்று பிரதி, டாட் மேட்ரிக்ஸ், லைன் பிரிண்டர் போல தாளில் அடித்து அச்சிடும் பிரிண்டர்களில் மட்டுமே. லேசரில் ஒவ்வொன்றும் தனி அச்சு.

காசோலைக்கும், கையெழுத்து வாங்கும் டெலிவரி ஆர்டருக்கும் அச்சடித்த தாளையே வையுங்கள். பில், அறிக்கை எல்லாவற்றையும் தயங்காமல் மின்படிவத்துக்கு மாற்றுங்கள்.