ஹட்டன்–கொழும்பு ஓட்டத்துக்கு எந்த ஹைபிரிட்?

கொட்டகலையில் இருக்கும் என் மச்சானுக்குக் கொழும்பில் வேலை மாற்றம். திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கி, வெள்ளி இரவு ஏறி வர வேண்டும். பிள்ளை சின்னது என்பதால் நடுவில் புதன்கிழமையும் ஒரு தடவை வந்து போகலாமா என்று யோசிக்கிறான். "மச்சான், ஹைபிரிட் ஒன்று பார்த்துச் சொல்லுங்க" என்று, பெற்றோல் இஞ்சினோடு மின்மோட்டாரும் பற்றரியும் சேர்ந்த நான்கு காரின் பெயரை அனுப்பியிருந்தான்: டொயோட்டா அக்ஸியோ, ஹொண்டா ஃபிட், நிசான் நோட் ஈ-பவர், சுசுகி வேகன் ஆர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று ஜப்பானில் எடுத்த கணக்கு. எல்லாமே 33க்கும் 37க்கும் நடுவில். அதை வைத்து எதையும் தெரிவு செய்ய முடியாது. அந்தக் கணக்கை எடுத்த இடத்தில் கினிகத்தேன மேடு இல்லை.

நம்முடைய ரோட்டை முதலில் பார்ப்போம். கொழும்பிலிருந்து அவிசாவளை வரை ட்ரபிக். அங்கிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கல வரை களனி கங்கையின் ஓரமாகச் சுகமான ஓட்டம். அதற்குப் பிறகுதான் விளையாட்டு. கினிகத்தேன, வட்டவளை தாண்டி ஹட்டன் வந்து சேரும்போது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் நிற்போம். கித்துல்கலயிலிருந்து மட்டும் 1,100 மீற்றர் அளவுக்கு ஏறியிருப்போம். நாலு வளைவுக்கு ஒரு லொறி, அதற்குப் பின்னால் பஸ், அதற்குப் பின்னால் நாம்.

ஆளும் சாமானுமாக 1,300 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க எவ்வளவு சக்தி வேண்டும்? பள்ளிக்கூடத்துப் பௌதிகவியல் கணக்குத்தான். மின்சார பில்லில் வரும் யூனிட்டில் சொன்னால் கிட்டத்தட்ட நான்கு யூனிட். ஒரு லீற்றர் பெற்றோலில் ஒன்பது யூனிட் அளவு இருக்கிறது. நல்ல இஞ்சின்கூட அதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் கூடுதலாகச் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆகவே சாதாரணமாக ஓட எரிவதற்கு மேல், மேடு ஏறுவதற்கென்றே ஒன்றேகால் லீற்றர் போகும். எந்தக் கார் வாங்கினாலும் இந்தக் காசு கட்டித்தான் ஆக வேண்டும்.

இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுற்றி மின்சாரம் செய்து பற்றரியை நிரப்பும், அப்படி அதைத் திருப்பி வாங்கலாம் என்பதுதான் ஹைபிரிட் விற்பவர்களின் கதை. வாங்கலாம், ஆனால் வைக்க இடம் வேண்டுமே? அக்ஸியோவின் பற்றரி முழுதாகவே ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஃபிட்டில் இன்னும் கொஞ்சம் சின்னது. நோட்டில் ஒன்றரை. பற்றரி கெடக்கூடாது என்று கார் அதையும் முழுதாக நிரப்பாது, முழுதாகக் காலியாக்கவும் விடாது. நான்கு யூனிட் ஓடி வருகிற வாய்க்காலுக்குக் கீழே ஒரு செம்பை வைத்த மாதிரி. வட்டவளை தாண்டுவதற்குள் செம்பு நிரம்பிவிடும்.

இதைத்தான் மச்சானுக்கு முதலில் சொன்னேன். மலையில் ஹைபிரிட்டுகளை ஒப்பிட இரண்டே கேள்வி போதும்: லொறிக்குப் பின்னால் நடை வேகத்தில் ஏறும்போது எந்த உறுப்பு சூடாகிறது? இறங்கும்போது பற்றரி நிரம்பிய பிறகு காரை எது பிடித்து நிறுத்துகிறது?

முதல் கேள்வியில் ஃபிட் மாட்டிக்கொள்ளும். 2013 செப்டெம்பரில் வந்த அந்த ஃபிட் ஓட்டுவதற்கு அருமையான கார். அக்ஸியோ, டொயோட்டாவின் சின்னக் காரான அக்வா இரண்டும் இஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து 100 குதிரைவலு. ஃபிட் 137. கித்துல்கலயில் பஸ்ஸை முந்த வேண்டும் என்றால் அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். ஆனால் அதில் ஏழு கியர், இரட்டைக் கிளட்ச், அதுவும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். மேட்டில் நின்று, ஊர்ந்து, மறுபடி நின்று போகும்போது கிளட்ச் வழுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சூடேறும். கூடிப்போனால் கியர் பொக்ஸ் சூடு என்று எச்சரிக்கை வரும். ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். கார் வந்து ஓராண்டுக்குள் ஜப்பானிலேயே பல தடவை திருப்பி அழைத்தார்கள். 2014 பெப்ரவரியில் அழைத்தது கியர் பொக்ஸ் மென்பொருளைத் திருத்துவதற்காக. அந்தத் திருத்தமெல்லாம் செய்யப்பட்ட கார்கள் சமதரையில் நன்றாகவே ஓடுகின்றன. அதே கியர் பொக்ஸ் முறைதான் ஹொண்டாவின் முதல் வெசலிலும். கொழும்பிலிருந்து மாத்தறைக்கு ஹைவேயில் ஓடுகிறவர் என்னைக் கேட்டால் ஃபிட்டைத்தான் சொல்வேன். இஞ்சின் ஏழாவது கியரில் நேராகச் சக்கரத்தைச் சுற்றும், நடுவில் வீணாவது குறைவு. நமக்கோ ஹைவே இன்னும் மலையடிவாரத்துக்கே வரவில்லை. 2022 ஜனவரியில் திறந்த மீரிகம–குருநாகல் துண்டு கண்டி, மாத்தளைக்காரருக்கு உதவும். ஹட்டன்காரருக்கு அதனால் ஒரு சல்லிப் பிரயோசனம் இல்லை.

டொயோட்டாவின் வழி வேறு. அக்ஸியோவில் கிளட்ச்சே கிடையாது. ஒரே கோள்பல்சக்கரக் கூட்டில் இஞ்சினும் இரண்டு மோட்டாரும் எப்போதும் கோத்தே இருக்கின்றன. மேட்டில் ஊரும்போது மோட்டார் காரை நகர்த்தும். பற்றரி இறங்கினால் இஞ்சின் எழும்பி ஒரு மோட்டாரைச் சுற்றி மின்சாரம் செய்து மற்ற மோட்டாருக்குக் கொடுக்கும். வழுக்கித் தேய ஒன்றும் இல்லை. சத்தம்தான் பிடிக்காது. காலை அழுத்தினால் இஞ்சின் ஒரே சுருதியில் இழுத்துக் கத்தும், கார் அதற்கேற்ற அவசரம் காட்டாது. நாலு பேரும் மரக்கறி மூட்டையும் ஏற்றிக்கொண்டு முந்தப் போகாதீர்கள். அக்வாவும் இதே பொறிதான். 2011 கடைசியில் வந்தது, விலை குறைவு. ஆனால் பின் இருக்கையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் முட்டும், அடிப்பக்கம் தோட்டத்து ரோட்டுக் கானில் உரசும். அக்ஸியோவின் டிக்கியில் ஒரு மூட்டை லீக்ஸ், ஒரு மூட்டை கிழங்கு, மேலே பிள்ளையின் சாமான் போகும். வாரம் முழுக்கக் கொழும்பில் இருப்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது கேள்வி, இறக்கம். அக்ஸியோவில் டாஷ்போர்ட்டில் தெரியும் பற்றரிக் கட்டம் எட்டும் நிரம்பியதும் இஞ்சின் தானாகவே உறுமத் தொடங்கும். புதிதாக வாங்கியவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைப்பார்கள். எரிபொருள் எரியாமல் இஞ்சினைச் சும்மா சுற்ற வைத்து மிச்சச் சக்தியைக் கரைக்கிறது, அவ்வளவுதான். கியர்க் கம்பியை 'பி'யில் (B, காரை நிறுத்திவைக்கும் P அல்ல) போட்டால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கினிகத்தேன இறக்கத்தில் 'டி'யிலேயே விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டு வருகிறவர்கள், பற்றரி நிரம்பிய பிறகு சாதாரணப் பிரேக்கைத்தான் சூடாக்குகிறார்கள். முன்னால் போகிற பழைய பஸ்ஸிலிருந்து வரும் அந்தக் கருகல் வாசனையை நம் காரிலிருந்தும் வரவைக்க வேண்டாம்.

இறக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நோட் ஈ-பவர். நண்பர் ஒருவருடையதை நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளை வரை ஓட்டி வந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைத் தொட்டது நாலைந்து தடவைதான். காலை எடுத்தாலே கார் அடங்கி நிற்கும். சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார் மட்டுமே. 1.2 லீற்றர் இஞ்சின் மின்சாரம் செய்து கொடுப்பதோடு சரி. 109 குதிரைவலு மோட்டார் மேட்டில் பஸ்ஸை முந்தும்போது ஃபிட்டுக்கும் சளைக்காது, சூடேற அங்கே கிளட்ச்சும் இல்லை. பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? ஒரே சீராக வேகமாக ஓடும் நீண்ட ரோட்டில், பெற்றோலை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி சுழற்சியாக்குவதில் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும். இது பெரிய குற்றமில்லை, நம் ரோட்டில் 70க்கு மேல் ஓட சட்டமும் இல்லை, இடமும் இல்லை. என் தயக்கம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏதாவது விளக்கு எரிந்தால், திங்கள் விடியற்காலைக்குள் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஹட்டன் டவுனில் எத்தனை பேர்? அக்வா, அக்ஸியோ என்றால் கேட்ட இடத்தில் ஒருவர் எழும்பி வருவார்.

வேகன் ஆரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 660 சீசீ இஞ்சின், 52 குதிரைவலு, கூட ஒரு சின்ன மோட்டார். அந்த மோட்டார் ட்ரபிக்கில் பத்து விநாடி ஊரவைக்கும், அதற்குமேல் முடியாது. டவுனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தங்கமான வண்டி. வாரம் இரண்டு தடவை கொழும்பு ஏறி இறங்க வாங்கினால் மச்சானின் முதுகு ஆறு மாதத்தில் பேசும்.

என் கையில் இருப்பது அக்வா. இறங்கும்போது லீற்றருக்கு 26 அளவில் கொடுக்கும், ஏறும்போது 18. போய்வந்தால் 21க்குச் சற்று மேல், 12 லீற்றருக்குள் முடிந்துவிடும். 2022இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூஆர் கோட்டா வந்தபோது இந்தக் கணக்கின் அருமை புரிந்தது. ஒரு தடவை போய்வந்து, மிச்சத்தில் டவுன் வேலையும் பார்த்தேன். குளிர் காலத்தில் கொஞ்சம் குறையும். கண்ணாடியில் பனி படிகிறது என்று ஹீட்டரைப் போட்டால், அந்தச் சூட்டுக்காகவே இஞ்சின் அணையாமல் ஓடும்.

அப்புறம் பற்றரி. 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் சந்தையில் நிற்கும் ஹைபிரிட்டுகளில் பலவற்றுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. என் முன்னைய காரில் பற்றரி தளர்ந்தபோது ஒரு கடையில் கொடுத்தேன். உள்ளே இருக்கும் செல் கட்டுகளில் கெட்ட இரண்டை மட்டும் மாற்றி, "புதுசு மாதிரி" என்றார்கள். ஐந்தாவது மாதம், மழை இரவு, கித்துல்கல மேட்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. பழையதோடு புதியதைக் கோத்தால் அடுத்த பலவீனமான கட்டு முறை வைத்துக் கெடும். விற்பவர் "பற்றரி செய்தது" என்றால் முழுதாக மாற்றியதா, கட்டு மாற்றியதா என்று கேளுங்கள்.

இன்னும் பணம் இருந்தால் என்று மச்சான் கேட்டான். புதிய வெசலில் அந்த இரட்டைக் கிளட்ச் போய்விட்டது. மேட்டில் மோட்டாரே இழுக்கும், சீரான வேகத்தில் இஞ்சினைச் சக்கரத்தோடு பூட்டிக்கொள்ளும். இந்த ரோட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல. விலையைச் சொன்னதும் போனை வைத்துவிட்டான்.

போன ஞாயிறு கினிகத்தேனையில் ஒரு அக்ஸியோ பார்க்கப் போனோம். பின் இருக்கையின் ஓரத்தில், அடிப்பக்கமாக ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கிறது. பற்றரி மூச்சு வாங்கும் வழி அது. மூடியைக் கழற்றிப் பில்டரை இழுத்தேன். மலைநாட்டுக் காரில் எதிர்பார்க்கக்கூடியதுதான்: சுவெட்டர் நூலும் கம்பளிப் பஞ்சும் சாம்பல் நிறப் பாயாகப் படிந்திருந்தன, நடுவில் ஒரு கச்சான் தோல். விற்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துடைத்து மாட்டி, நாலு பேர் ஏறிக் கித்துல்கல வரை இறங்கினோம். பாதி வழியில் எட்டுக் கட்டமும் நிரம்பி இஞ்சின் உறுமியது. மச்சான் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். திரும்பி ஏறும்போது நான் கட்டங்களை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தேன். தளர்ந்த பற்றரி என்றால் ஒரு கிலோமீற்றருக்குள் எட்டிலிருந்து இரண்டுக்கு விழுந்து, மறுபடி துள்ளும். இது ஏழு, ஆறு, ஐந்து என்று நிதானமாக இறங்கி மூன்றில் நின்றது.

விலைதான் இன்னும் படியவில்லை. கச்சான் தோலுக்காகவாவது கொஞ்சம் குறையுங்கள் என்று மச்சான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.